சஷ்டி விரதமும் எலிப்பொறிகளும்

அப்பாவுக்குக் காட்டில் வேலை கிடைத்ததை அம்மா ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிச் சொன்னார். மரம் நடுகிற புண்ணிய வேலை என்று எழுதினார். அதில் பாதிதான் உண்மை. டென்மார்க்கில் வைலே நகருக்கு வெளியே, என் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சரிவு முழுக்க ஓக் கன்றுகள் நட்டிருந்தார்கள். மண்ணுக்குள் வளை தோண்டி அந்தக் கன்றுகளின் வேரைத் தின்கிற பெரிய எலி ஒன்று அங்கே உண்டு. வளைக்குள் இரும்புப் பொறி வைத்து அதைக் கொல்வதுதான் அப்பாவின் வேலை. அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்பது எனக்குக் கட்டளை. ஒன்பது வயதில் இப்படியொரு ரகசியம் கையில் இருந்தது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அம்மா ஆறு நாளும் விரதம் பிடித்தார். பின்னேரம் ஒரு கோப்பை பால், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். எல்லாம் அண்ணாவுக்காக. அப்பா முதலில் வந்து, பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார். அண்ணா மட்டும் சோதனை எழுதிவிட்டு வரட்டும் என்று யாழ்ப்பாணத்தில் பெரியப்பா வீட்டில் நின்றார். அங்கே ராணுவம் சுற்றிவளைத்து இளைஞர்களைப் பிடித்துப்போனதாகக் கேள்விப்பட்டோம். அதன்பிறகு இரண்டு மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் வருகிற நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

அப்பாவுக்கு விரதத்தில் நம்பிக்கை கிடையாது. "நீ பட்டினி கிடந்தால் ஆமிக்காரன் விட்டிடுவானோ?" என்று கேட்டார். அம்மா குளியலறையில் நின்ற சிலந்தியைக் கடதாசியில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விட்டார். விரதம் முடியும்வரை நம் வீட்டு ஆட்கள் கையால் ஒரு உயிரும் போகக்கூடாது, போனால் பிடித்ததெல்லாம் வீண் என்று என்னிடம் சொன்னார்.

 அம்மா இங்கே சிலந்தியைக் காப்பாற்றுகிறார், அப்பா அங்கே நாலைந்து எலியைக் கொன்றுவிட்டு வந்து கைகழுவிச் சோறு சாப்பிடுகிறார். பிறகு அண்ணா எப்படி வருவார்? அம்மாவிடம் சொல்லவும் முடியாது, அப்பாவிடம் கேட்கவும் பயம்.

வழக்கமாகப் பள்ளி விட்டதும் காட்டுக் கொட்டிலில் காத்திருந்து அப்பாவின் சைக்கிளில் வீட்டுக்குப் போவேன். விரதத்தின் இரண்டாம் நாள் கொட்டிலுக்குப் போகாமல் சரிவுக்கு ஓடினேன். பொறி இருக்கும் இடமெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி நிற்கும். மேலே மூடியிருக்கும் புல் முளைத்த மண்கட்டியைத் தூக்கித் தடியால் ஒரு குத்து. பொறி டக்கென்று வாயை மூடும். தெருவோரம் இருந்த இரண்டு வரிசையைத்தான் மூட முடிந்தது. இருட்டத் தொடங்கியதால் அதற்கு மேல் உள்ளே போகப் பயந்தேன். மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று பாரத்தை அவர் தலையில் போட்டேன். அடுத்த நாட்களிலும் போய்ப் பார்த்தேன். மூடியவை மூடியபடியே கிடந்தன. அப்பா கவனிக்கவில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சஷ்டி முடிந்த மறுநாள் காட்டுக்குப் பொறுப்பான பெரியவர் சரிவில் அப்பாவோடு நின்றார். என்னைக் கண்டதும் கைகாட்டிக் கூப்பிட்டார். அப்பாவின் டேனிஷ் போதாத இடத்தில் நான்தான் மொழிபெயர்ப்பேன். அவர் ஒரு கன்றை ஒற்றைக் கையால் இழுத்தார். மேசையிலிருந்து பென்சிலை எடுப்பதுபோல வந்தது. அடியில் வேர் இல்லை. அப்படிப் பத்துப் பதினைந்து கன்றுகள் ஏற்கெனவே தரையில் கிடந்தன. இந்தச் சரிவு முழுக்க ஒரு பொறிகூடத் திறந்திருக்கவில்லை, மூடியது யார் என்று அப்பாவிடம் கேள் என்றார்.

அப்பாவிடம் திரும்பி அதைக் கேட்டேன். அப்பா தரையில் கிடந்த கன்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் எண்டு சொல்லு."

நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"சொல்லு பிள்ளை. வீட்டில விரதம், ஆறு நாளைக்கு உயிர் கொல்ல ஏலாது எண்டு சொல்லு."

சொன்னேன். பெரியவர் சத்தம் போடவில்லை. கன்றுகள் ஆறு நாள் பொறுக்காது என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து வரவேண்டாம் என்றதையும் நானே அப்பாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகும்போது சைக்கிளின் பின்னால் இருந்து அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னார் என்று நினைத்தேன். குளிர் தொடங்கிவிட்டது, காட்டு வேலை முடிந்துவிட்டது என்று அவர் அம்மாவிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அண்ணா வந்துசேர இரண்டு வருஷம் எடுத்தது. அவருக்குப் பதினெட்டு வயது தாண்டியிருந்ததால், அப்பாவுக்கு நிலையான வேலை இருந்தால்தான் கூப்பிடலாம் என்று குடிவரவு அலுவலகத்தில் அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தார்களாம். இதை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அதைத் தெரிந்துகொண்டே, விரதத்தை நம்பாத அந்த மனிதர், நான் போகப் பயந்த வரிசைகளிலெல்லாம் முழங்காலில் நின்று பொறிகளை ஒவ்வொன்றாக மூடியிருக்கிறார். அந்த வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தோம் என்று அப்போது நினைத்திருந்தேன்.