கன்னியம்மாள் மேல் வந்தவன்

பேய் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அடி அண்ணாமலைப் பெண்கள் பிற்காலத்தில் கன்னியம்மாளைத்தான் கேட்டார்கள். இரண்டு தடவை பேய் ஓட்டப்பட்டவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். மலை சுற்றுகிறவர்களுக்குப் பூ விற்றபடி பாதையோரம் உட்கார்ந்திருப்பாள். "பூ வேணுமா, அதச் சொல்லு" என்று பேச்சை முடித்துவிடுவாள். இன்னும் பயம் போகவில்லை போலிருக்கிறது என்று அவர்களே சொல்லிக்கொண்டு நகர்வார்கள்.

அவள் செங்கம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் தசரதனுக்கு ஊருக்கு வெளியே வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லை இருந்தது. எழுபத்து நாலாம் வருஷம், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், பிள்ளை செத்துப் பிறந்தது. அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருக்கும், பார்த்துக்கொண்டே இருப்பாள். தசரதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

மாமியார் எல்லம்மாள் கெட்டவள் இல்லை. டவுனுக்கு அழைத்துப்போய் ஊசி போட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கொல்லைக்குக் கஞ்சி எடுத்துப்போகும்போது உச்சி வெயிலில் கிணற்றங்கரையில் எதுவோ தொட்டிருக்கிறது என்று முடிவு செய்து, பம்பை மேளம் அடித்துப் பேய் ஓட்டுகிற பம்பைக்காரர் இருசப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

பேய் ஓட்ட ஒரு முறை இருக்கிறது. பேய் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எப்படிச் செத்தது என்று சொல்ல வேண்டும். பிறகு பெண்ணின் உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்தால் பேய் மரத்தோடு நின்றுவிடும். பெயர் வரும் வரைக்கும் பம்பை ஓயாது. வேப்பங்கொத்தும் ஓயாது.

நடு வாசலில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பம்பைச் சத்தம் அவள் பல்லுக்குள் இறங்கியது.

"யார்ரா நீ? ஆம்பளையா, பொம்பளையா? சொல்றா!"

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம் தலைய குனியறான் பாரு" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரித்தார்கள். வேப்பங்கொத்து முதுகில் விழுந்தது. ஈரத்தில் விழுகிற அடி தனியாக எரிந்தது.

இது முடிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. செத்தவன் பெயர் ஒன்று வேண்டும். அந்த ஊரில் செத்தவர்களில் அவளுக்குப் பெயர் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

"அர்ஜுனன்" என்றாள்.

பம்பை நின்றது.

அர்ஜுனன், பக்கத்துத் தெரு ஆராயியின் ஒரே மகன். முந்தின வருஷம் நீர் பாய்ச்சப் போனவன் கிணற்றில் மிதந்தான். கால் தவறி விழுந்துவிட்டான் என்று ஊர் பேசி முடித்திருந்தது. கன்னியம்மாள் புதுப்பெண்ணாக வந்த நாட்களில் ஒரு தடவை அவள் குடத்தைத் தூக்கிவிட்டிருக்கிறான். அவ்வளவுதான் பழக்கம்.

"எப்பிட்றா செத்த?"

விழுந்தவன் பேயாக வருவானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. "குதிச்சேன்."

"இன்னாத்துக்கு?"

எல்லார் வீட்டிலும் நடக்கிற ஒன்றைச் சொன்னாள். "அம்மா திட்டிச்சு."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கத்தல் கேட்டது. ஆராயி ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து இருசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அங்கே நின்றிருந்தது கன்னியம்மாளுக்குத் தெரியாது.

"அடிக்காதீங்க சாமி. எம் புள்ளய அடிக்காதீங்க."

முடி அறுத்தார்கள். ஆணி அடித்தார்கள். மறுநாள் கன்னியம்மாள் எழுந்து உலை வைத்தாள். போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த அமாவாசையன்று ஆராயி தூக்குப்போசியோடு வந்தாள். கேவுரு களியும் கீரைக் கடைசலும்.

"இதுன்னா அவனுக்கு உசுரு. அன்னிக்கு தட்டுல கைய வச்சவன திட்டி எழுப்பிட்டேன். மரத்தாண்ட வச்சா காக்கா தின்னுட்டுப் போவுது. அவன் இருந்த ஒடம்பு இது. நீ தின்னா அவனுக்குச் சேரும் கண்ணு."

கன்னியம்மாள் தின்றாள். ஆராயி எதிரில் குந்தி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெல்லத் தின்னுடா" என்றாள்.

ஒவ்வோர் அமாவாசைக்கும் களி வந்தது. தெருக்குழாயில் பெண்கள் குரலைத் தணிக்காமலே பேசினார்கள். "பெத்த புள்ளய வாயாலயே கெணத்துல தள்ளுனவ." ஆராயி பகலில் தண்ணீருக்கு வருவதை விட்டுவிட்டாள். எல்லோரும் குடம் நிரப்பிக்கொண்டு போன பிறகு, இருட்டும் நேரத்தில் வந்து நூல் போல விழுகிற தண்ணீருக்குக் காத்திருந்தாள்.

ஒரு அமாவாசையன்று கன்னியம்மாள் களியைத் தொடவில்லை.

"பெரியத்த, அன்னிக்கு அர்ஜுனன் வரல. நானாத்தான் சொன்னேன். குதிச்சான்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஆராயி அவளை உற்றுப் பார்த்தாள்.

"திட்னது உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது? ஊட்ல நானும் அவனுந்தான் இருந்தோம்."

"எல்லா ஊட்லயும் திட்றதுதான அத்த..."

"எனக்காவ பொய் சொல்றியாடி கண்ணு?" ஆராயி அவள் தாடையைத் தொட்டாள். "ஆறிடப் போவுது. சாப்டு."

சாப்பிட்டாள்.

தன் வாயால் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை என்று அவளுக்கு விளங்கியது. பம்பைக்கு முன்னால் சொன்னது மட்டுந்தான் நிற்கும். எல்லம்மாள் முன்பே சொல்லிவைத்திருந்தாள்: இன்னொரு வாட்டி பேய் வந்தால் இந்த வீட்டுக்கு ஆகாது, பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதான். கன்னியம்மாள் அதை நினைத்துக்கொண்டே சில நாள் இருந்தாள். பிறகு ஒரு காலை, அடுப்பில் சோற்றைத் தீயவிட்டாள்.

மறுபடி இருசப்பன். மறுபடி ஈரப் புடவை.

"இன்னா பம்பைக்காரரே, போன வாட்டி அடிச்ச ஆணி துரு புடிச்சிதா?" என்று யாரோ ஒருவன் கேட்டான். இருசப்பன் அந்தக் கோபத்தையும் சேர்த்து அடித்தார். கன்னியம்மாள் உடனே பெயரைச் சொல்லவில்லை. ஆராயி வருகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அவள் முகம் தெரிந்ததும் வாயைத் திறந்தாள்.

"அர்ஜுனன். நான் குதிக்கலம்மா. பாசி வழுக்கிடுச்சி. விழுந்துட்டேன்."

"அன்னிக்கு குதிச்சேன்னியேடா?"

"பொய் சொன்னேன்."

"ஏன்டா பொய் சொன்ன?"

அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. "அடி தாங்கல" என்றாள்.

இருசப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கங்க. அடிக்குப் பயந்து பேய் இன்னா வேணா சொல்லும்." மறுபடி சிரித்தார்கள். ஆராயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது ஆணிக்குப் பிறகு எல்லம்மாள் அவள் துணிகளை டிரங்குப் பெட்டியில் வைத்தாள். ஒரு வருஷம் கழித்துத் தசரதனே போய்க் கூட்டிவந்தான், பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் அன்று காலை அது யாருக்கும் தெரியாது.

செங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது ஆராயி வந்தாள். தலைசீவிப் பொட்டு வைத்திருந்தாள். நல்ல வெயிலில், நடுத்தெருவில், குடத்தோடு வந்திருந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு கன்னியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ளயால உனுக்கு ஊடே பூடுச்சி. ரெண்டு வாட்டி அடி வாங்கிட்ட. அவன மன்னிச்சுடு கண்ணு."

கன்னியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"வாயத் தொறந்து சொல்லு. மன்னிச்சிட்டேன்னு சொல்லு. அப்பத்தான் அவனுக்குப் போய்ச் சேரும்."

பஸ் வந்து நின்றது. ஆராயி பெட்டியைத் தூக்கிவிடக் குனிந்தாள், ஆனால் பதில் வரும் வரைக்கும் தூக்கவில்லை.

"மன்னிச்சிட்டேன்" என்றாள் கன்னியம்மாள்.