கொள்ளு எங்களுடையதுதான், பஸ் வருமா?

காய்ந்த கொள்ளுக்கொடியில் வண்டிச் சக்கரம் ஏறினால் நொறுநொறுவென்று ஒரு சத்தம் வரும்... கூடவே மூக்கை அடைக்கும் தூசி. தை மாதம் வந்தால் எங்கள் ஊர்த் தார்ரோடுதான் எங்களுக்குக் களம். செடியைப் பிடுங்கிப் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டியே மிதித்துக் கொடுத்துவிடும்.

அந்த வருஷம் கொடி டவுன் பஸ்ஸின் அச்சில் சுற்றிக்கொண்டது. டிரைவர் இறங்கிக் கத்திவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து பஸ் ஊருக்குள் வரவில்லை. மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டது.

என் மகள் செல்வி அப்போது ஒன்பதாவது. பள்ளிக்கூடம் சமயநல்லூரில். மெயின் ரோட்டுக்கு மூன்று மைல் நடை. ஒரு வாரம் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், இவர், சொல்லிவிட்டார்: "பொம்பளப் புள்ளைய இம்புட்டுத் தூரம் நடக்க விடமாட்டேன். பஸ் வந்தா படிக்கட்டும். இல்லாட்டி போதும்."

நான் ஐந்தாவதோடு நின்றவள். இவளும் அப்படி நிற்பதா?

குடியரசு தினக் கிராம சபைக்கு டெப்போ அதிகாரி வருகிறார் என்றார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் பஸ் ஏன் வேண்டும் என்று ஒன்பது காரணம் எழுதி, இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர் எழுந்து ஏழெட்டுக் குறை அடுக்கினார். கடைசியாக, கண்டக்டர் மரியாதை இல்லாமல் பேசுகிறார் என்றார். அதிகாரி அதை மட்டும் பிடித்துக்கொண்டார். "கண்டிச்சு வைக்கிறேன் ஐயா." முடிந்தது! மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பதையும் சொன்னால் இருப்பதிலேயே நோஞ்சான் காரணத்தைத்தானே அதிகாரி பிடிப்பார்? தாளை மடித்து உள்ளே வைத்தேன்.

"ரோட்டுல கொள்ளைப் பரப்பி வச்சா பஸ் எப்படிங்க வரும்?" என்று பொதுவாகக் கேட்டார் அதிகாரி.

கூட்டமே தரையைப் பார்த்தது.

எழுந்தேன்.

"நீங்க சொல்றது நெசந்தான் சார். தப்பு எங்க மேலதான்."

"ஏய், உக்காருடி!" இவர் குரல்.

பக்கத்தில் இருந்த என் மதினி சேலையைப் பிடித்து இழுத்தாள். "நீ எவுக பக்கம்டி பேசுற?"

நான் உட்காரவில்லை. "பாதிக்கு மேல எங்க வீட்டுக் கொள்ளு சார். இன்னைக்குப் பொழுது சாய அள்ளிருவோம். ரோடு சுத்தமாயிட்டா, பஸ் விட வேற என்ன தடை இருக்கு?"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். பக்கத்து ஆளைப் பார்த்தார்.

"வேற தடை... ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப அதையே தீர்மான நோட்டுல எழுதிருங்க சார்."

இவர் என்னோடு பேசவில்லை. ஆனால் கொடி அள்ளும் கவைக்கம்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ரோட்டுக்குப் போனதும் இவர்தான். மதினி திட்டிக்கொண்டே கூட்டினாள்.

மறுநாள் காலை. செல்வி பையோடு நிற்கிறாள். ஏழரை ஆயிற்று... ஏழே முக்கால் ஆயிற்று... இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம் வளைவில் ஹாரன் கேட்டது.

அந்தச் செல்வி இப்போது டீச்சர். அவள் மகள் போன வாரம் காலேஜ் பட்டிமன்றத்தில் பேசினாள். என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்ததும், "எதிரணி சொன்னதில் ஒன்று உண்மை, ஒத்துக்கொள்கிறேன்" என்றாள். அவள் அணிப் பிள்ளைகளுக்கே முகம் மாறியது. எனக்கு அன்றைக்கு மதினி சேலையைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. அடுத்த வாக்கியத்தில் ஹாலையே தன் பக்கம் திருப்பினாள் பாருங்கள்... என் பேத்தி!

திரும்பி வர சிம்மக்கல்லில் பஸ் ஏறினேன். எங்கள் ஊருக்கு நான் ஒருத்திதான் டிக்கெட். எல்லார் வீட்டிலும் பைக் வந்துவிட்டது. கொள்ளு போடுவாரும் இல்லை. ரோடு அப்படிச் சுத்தமாகக் கிடக்கிறது.

"பாட்டி, உங்க ஒருத்தருக்காக உள்ள வரணுமா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

"ரோட்டுல ஏதாச்சும் தடை இருக்கா தம்பி?" என்றேன்.

வந்து இறக்கிவிட்டுத்தான் போனார்.