ஒன்பதாவது துணைக்கேள்வி

நாடாளுமன்றத்தில் யாராவது கேள்வி கேட்டால், தூத்துக்குடியில் எங்களுக்கு அன்றைய மதியச் சாப்பாடு போச்சு என்று அர்த்தம். எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நிதி அமைச்சகத்தின் அடிமட்டத்தில் இருந்தேன். மேலே மந்திரி, அவருக்குக் கீழே செயலாளர், அப்படியே படி இறங்கி டெல்லி, சென்னை, மதுரை எல்லாம் தாண்டி வந்தால், கடற்கரைப் பக்கம் ஒரு சின்னச் சுங்க அலுவலகம். அதில் கால் ஆடும் மேசை ஒன்று. அதன் மேல் ஒரு டைப்ரைட்டர், பின்னால் நான்.

அந்த முறை தந்தி காலையிலேயே வந்துவிட்டது. எந்த ஊர் உறுப்பினரோ, மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருந்தார். கடற்கரையில் வரி வசூலுக்கும் காவலுக்கும் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? கள்ளக்கடத்தலால் எவ்வளவு வரி நட்டமாகிறது? பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? மூன்றுக்கும் சாயங்கால ரயிலில் பதில் போக வேண்டும்.

எங்கள் ஹெட்கிளார்க் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். முதல் கேள்விக்கு வருகைப் பதிவேட்டை எடுத்தார். மூன்றாவதுக்கு, 'தீவிர நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற வரி இழுப்பறையில் தயாராக இருந்தது. அந்தத் தீவிர நடவடிக்கையில் ஒரு ஜீப்பும் ஒரு படகும் அடக்கம். ஜீப்பை நாலு பேர் தள்ளினால் ஓடும். படகை எத்தனை பேர் தள்ளினாலும் ஓடாது. இரண்டாவது கேள்விதான் அவருக்கு எரிச்சல்.

"பிடிபடாத சரக்குக்கு எவ்வளவு வரின்னு நம்மகிட்ட கேக்கான். பிடிபடாதவன்கிட்டல்லா கேக்கணும்" என்றார். பிறகு 'மதிப்பிட இயலாது' என்று எழுதினார்.

இதெல்லாம் பெரிய வேலை இல்லை. பெரிய வேலை துணைக்கேள்விதான். மந்திரி எழுந்து பதில் சொன்னதும், சபையில் இருப்பவர்கள் அதையொட்டி மேலும் கேட்பார்கள். மந்திரி முழிக்கக் கூடாதல்லவா? அதனால் என்னென்ன கேட்கக்கூடும் என்று நாங்களே யோசித்து, கேள்வியையும் எழுதி, கீழே பதிலையும் எழுதி அனுப்ப வேண்டும். அரசாங்கத்தை மடக்கும் கேள்விகளை அரசாங்கச் சம்பளத்தில் உட்கார்ந்து யோசிக்கிற வேலை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை, 'கடற்கரைக் காவல் படகுகளில் தண்ணீரில் இருப்பவை எத்தனை, கரையில் இருப்பவை எத்தனை' என்று நான் ஒரு துணைக்கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஹெட்கிளார்க் அதை இரண்டு தரம் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். "நல்ல கேள்விதாம்ல. அவங்களுக்குத் தோணாததை நாம ஏன் சொல்லிக் கொடுக்கணும்?"

அந்தத் தந்தி வந்த சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சாவு வீட்டுக் களை இருந்தது. காரணம், எங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் அக்கா.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கடற்கரைத் தெருக்காரி. புருஷன் கொழும்புக்குத் தோணியில் போனார். தோணி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. கடல் கொண்டுபோயிற்றா என்று கேட்டால், "கடலா கொண்டு போச்சு? அங்கன ஒருத்தி கொண்டு போனா" என்பாள். காலையில் பெருக்குவாள், பானையில் தண்ணீர் நிறைப்பாள். அது பாதி வேலை. மீதி வேலைதான் முக்கியம். பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். எங்களிடம் பெண் யாரும் கிடையாது. ஆகவே கடத்தல் தோணிகள் ஒதுங்கும் கீழவைப்பார்ப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் சந்தேகப்படும்படி ஒரு பெண் இறங்கினால், அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டமாகிவிடுவாள்.

அவளுடைய மூக்கு எங்கள் ஜீப்பைவிட உபயோகமானது. இலங்கையிலிருந்து திருட்டுத்தனமாக வரும் கிராம்பின் வாசனையைப் பத்தடி தள்ளியே பிடித்துவிடுவாள். ஒரு நாள் ஒரு குண்டு அம்மாளைப் பழைய கோப்புகள் கிடந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள் ஒல்லியாக வெளியே வந்தாள். பின்னாலேயே அக்கா ஒரு பாரம் நைலான் புடவையோடு வந்து, "சாப்பிட்டு வந்த உடம்பில்ல சார், சுத்தி வந்த உடம்பு" என்று மேசையில் போட்டாள்.

இத்தனைக்கும் அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தினக்கூலி. மாதக் கடைசியில் ஒரு சீட்டில் பெருவிரல் ரேகை வைத்து வாங்கிக்கொண்டு போவாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான். புதிதாகச் சென்னையிலிருந்து வந்த அதிகாரிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. செலவைக் குறைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. குறைப்பதற்கு எங்களிடம் இருந்தது அக்கா ஒருத்திதான். மாதக் கடைசியோடு நிற்கச் சொல்லிவிட்டார்.

"சோதனைக்கு ஆள் வேண்டாமா சார்?" என்று ஹெட்கிளார்க் கேட்டார்.

"அப்போ பார்த்துக்கலாம்" என்றார் அதிகாரி. கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாசரேத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் பிறந்தவன் நான். அதிகாரியை எதிர்த்துப் பேசும் பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆனால் டைப்ரைட்டர் என் கையில் இருந்தது.

ஹெட்கிளார்க் எட்டுத் துணைக்கேள்விகள் எழுதித் தந்தார். நான் டைப் அடிக்கும்போது ஒன்பதாவதாக ஒன்று சேர்த்தேன். 'பெண்களைச் சோதனையிடப் பெண்கள் பணியில் உள்ளனரா?' பதில்: 'ஆம். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒருவர் உள்ளார். நிரந்தரப் பணியிடம் ஏற்படுத்துவது பரிசீலனையில் உள்ளது.' யாரும் எதையும் பரிசீலிக்கவில்லை. நான்தான் அந்த நிமிஷம் பரிசீலித்தேன். அதிகாரி ரயிலுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அது சபை வரைக்கும் போகும் என்று நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. மதுரையிலோ சென்னையிலோ யாராவது அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. கேள்வி நாளன்று, ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, கடத்தலில் பெண்களும் இருக்கிறார்களாமே, அவர்களைச் சோதிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார். மந்திரி தாளைப் புரட்டினார். என் ஒன்பதாவதை அப்படியே வாசித்தார்.

அச்சான நகல் எங்களுக்கு வந்தபோது அதிகாரி முகம் வெளுத்துவிட்டது. ஹெட்கிளார்க் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டர் ரிப்பனைப் பார்த்தேன். ஒன்றும் செய்வதற்கில்லை. மந்திரி சபையில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியாயிற்று. இனி அந்த ஒருவரை நிறுத்தினால் மந்திரி பொய் சொன்னதாக ஆகிவிடும். மாதக் கடைசி வந்தது, போனது. அக்கா விளக்குமாற்றோடு வந்துகொண்டே இருந்தாள்.

நான் அவளுக்கு அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"எம் பேரு போட்டிருக்கானா தம்பி?"

"பேரு இல்லக்கா. ஒருவர்னு போட்டிருக்கு."

"அந்த ஒருத்தி நாந்தான?"

"நீங்கதான்."

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. சோதனைக்கு முரண்டு பிடிக்கிற பெண்களிடம், "ஏளா, கைய மேல தூக்கு. மந்திரிக்கே என்னையத் தெரியும்" என்பாள். காலையில் பெருக்கும்போது அதிகாரியைக் காலைத் தூக்கச் சொல்லும் தைரியமும் வந்துவிட்டது. எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு கடைநிலை கிளார்க் மந்திரியின் வாயில் வார்த்தையைப் போட்டு ஒரு வேலையைக் காப்பாற்றிவிட்டான் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

மந்திரிகள் சபையில் கொடுக்கும் வாக்குகளைத் துரத்துவதற்கென்றே உறுப்பினர்கள் குழு ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. 'பரிசீலனையில் உள்ளது' என்பதும் அவர்கள் கணக்கில் ஒரு வாக்குதானாம். ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பரிசீலனை என்ன ஆயிற்று?

"யாருல பரிசீலிக்கிறது?" என்று ஹெட்கிளார்க் என்னிடம் கேட்டார். யாருமில்லை. ஆகவே உடனடியாகப் பரிசீலிக்க ஆரம்பித்தார்கள். டெல்லி அவசரப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். இரண்டே மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. பெண் சோதனையாளர், நிரந்தரப் பணியிடம், ஒன்று.

நான் அக்காவுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். உத்தரவின் இரண்டாவது பக்கத்தை அதற்கப்புறம்தான் படித்தேன். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. இருபத்தைந்து வயதுக்குள். வேலைவாய்ப்பு அலுவலகம் மூலமாக மட்டும்.

இடம் வந்தால் அவள்தானே அதில் உட்காருவாள் என்று நான் நினைத்திருந்தேன். எத்தனையோ நியமன உத்தரவுகளை டைப் அடித்தவன். அவை எப்படி வரும் என்று தெரியாதவன் இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தில் நானே மயங்கிப்போய் அதை மட்டும் மறந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கும். அக்கா கோயிலுக்கு ஓடி ஞானஸ்நானப் பதிவேட்டில் வயதைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று சாமியாரைக் கேட்டாள். எட்டாம் வகுப்பு அந்தப் பதிவேட்டில் இல்லை என்று சொல்லிச் சாமியார் அனுப்பிவிட்டார். நானும் விதிவிலக்கு கேட்டு மூன்று பக்கம் டைப் அடித்தேன். அதிகாரி இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தது. நல்ல பிள்ளை. அடுத்தவர் மேல் கை படுவதற்கே கூசும். ஒரு வாரம் கூட இருந்து அதற்குப் பழக்கிக் கொடுக்கும்படி அதிகாரி அக்காவிடம் சொன்னார். அவளும் பழக்கினாள். கோப்பு அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்கும். "வாசனை பிடிச்சுப் பாருளா. முகத்தப் பாக்காத, நடையப் பாரு." அந்த மாதக் கடைசியில் ரேகை வைத்துவிட்டு, விளக்குமாற்றை வழக்கமான மூலையில் சாய்த்துவிட்டுப் போனாள். நிரந்தர ஆள் வந்த பிறகு தினக்கூலிக்கு அவசியமில்லையாம். பெருக்குகிற வேலையைப் பியூனின் தலையில் கட்டினார்கள்.

பிறகு அவள் மீன் விற்க ஆரம்பித்தாள். மில்லர்புரத்தில் நான் வாடகைக்கு இருந்த அறைப் பக்கம் தினமும் கூடையோடு வருவாள். சாளையைக் கூறு வைத்து விற்பாள். எனக்கு மட்டும் கூறுக்கு மேல் இரண்டு கொசுறாக விழும். என் மேல் அவளுக்கு வருத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தொடரில் வேறொரு உறுப்பினர் கேட்டார். சிக்கன நடவடிக்கைகளால் சுங்க அலுவலகங்களில் யாராவது வேலை இழந்தார்களா? ஹெட்கிளார்க் பதிவேட்டைப் புரட்டவே இல்லை. "பதிவேட்டுல இருந்தாத்தான இழக்கதுக்கு? இல்லைன்னு போடு" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. 'இல்லை' என்று டைப் அடித்தேன். என் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. துணைக்கேள்விகள் எட்டு கொடுத்தார். எட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். கூறை என் பையில் தட்டினாள். மேலே இரண்டு சாளையைப் போட்டாள்.

"டெல்லிக்காரன் இப்ப என்ன கேக்கான் தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. "உங்க ஆபீசுல யாருக்காவது வேலை போச்சான்னு கேக்கான்."

"என்ன எழுதுனிய?"

"இல்லைன்னு எழுதினேன்க்கா."

அவள் கோபப்படவில்லை. சிரித்த மாதிரிகூட இருந்தது. என் பைக்குள் கையை விட்டு, கொசுறாகப் போட்ட இரண்டு சாளையையும் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டு வாசலைப் பார்த்துக் கூவிக்கொண்டே போனாள்.