பல் டாக்டரின் நூறு பிரதிகள்

எங்கள் தெருப் பல் டாக்டர் சொந்தச் செலவில் ஒரு நாவல் போட்டார். ஒரு வருஷத்தில் நூறு பிரதி விற்பது என்று இலக்கு வைத்து, விற்ற எண்ணிக்கையைக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வந்தார். நோயாளி வாயைப் பிளந்து படுத்திருக்கும்போதுதான் கேட்பார்: "என் நாவல் ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?" பதிலுக்கு வரும் "ஆ"வைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

"கையில டிரில்லை வச்சுக்கிட்டு கேட்டா யாருங்க வேணாம்பாங்க?" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். மனுஷர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

பத்தே மாதத்தில் எண் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. ஆனால் வாங்கியவர்களில் ஒருவர்கூட நாவலைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்றைக்கு, முன்பு பல் அடைக்க வந்த தையல்கார அம்மா திரும்ப வந்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை.

"பல்லு நல்லாத்தான் இருக்கு டாக்டர். உங்க கதாநாயகிக்கு மூணாவது அத்தியாயத்துல கடவாய்ப்பல்லைப் பிடுங்கிட்டீங்க. பத்தாவதுல அதே பல்லு வலிக்குதுன்னு அழறாளே, எப்படி?"

டாக்டர் புரட்டிப் பார்த்தார். உண்மைதான். ஒரு பல் டாக்டர் செய்கிற தப்பா அது! ஆனாலும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்த அம்மா போனதும், தொண்ணூற்றொன்பதை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினார்.