சனிக்கிழமைக்குள் வேண்டிய பேண்ட்

மித்சுயோ அக்கா எங்கள் ஊரில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். ஐம்பத்தைந்து வயதுவரை கால்பந்து பார்த்ததில்லை. மூன்று வருடங்களுக்கு முன் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் கோட்டோடு சேர்ந்த புதுப் பேண்டைக் கொண்டுவந்து நீளத்தைக் குறைத்துத் தரச் சொன்னான். மறுவாரம் ரயில் நிலையச் சுவரொட்டியில் அதே முகம். குராஷினா இட்சுகி, எங்கள் அணியின் புது முன்கள வீரன்.

அக்கா மைதானத்துக்கு வந்தார். சீருடைத் துணியில் மிஞ்சிய துண்டுகளை எழுத்துகளாக வெட்டி, அவன் பெயருக்கு ஆறு மீட்டரில் பதாகை தைத்தார். இரண்டாம் ஆண்டில் இட்சுகி பதினொரு கோல் போட்டான். பால் பாக்கெட்டில்கூட அவன் படம் வந்தது. பயிற்சி முடிந்ததும் அவன் கையெழுத்துக்கு நிற்கும் வரிசை தெருவரை நீண்டது. போன நவம்பரில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. வரிசை வேறொரு பையனுக்கு மாறியது.

பதாகையைக் காலையிலேயே கட்டிவிட வேண்டும். வீரர் பட்டியலோ ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் வரும். ஜூலையில் இட்சுகி ஓடத் தொடங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டு அக்கா அவசரப்பட்டுக் கட்டிவிட்டார். பட்டியலில் அவன் இல்லை. பெரிய திரை முதலில் பதாகையைக் காட்டியது, பிறகு பார்வையாளர் நடுவே இருந்த அவனை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றிலிருந்து பதாகை சுருட்டியபடியே கிடந்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அவன் கடைக்கு வந்தான். கையில் அதே பேண்ட்.

"தொடை இறுக்குதுக்கா. கொஞ்சம் தளர்த்தித் தர முடியுமா?"

"எப்ப வேணும்?"

"சனிக்கிழமைக்குள்ள."

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. பட்டியலில் இருப்பவர்கள்தான் கோட்டும் பேண்டும் போட்டு மைதானத்துக்கு வருவார்கள். சிநேகிதன் கல்யாணமாகவும் இருக்கலாம். அக்கா கேட்கவில்லை. பட்டியல் விஷயத்தை வீரர்கள் வெளியே சொல்லக் கூடாது.

ஞாயிறு காலை அவர் பதாகையை விரித்தபோது, எங்கள் ரசிகர் கூட்டத்தை நடத்தும் தொகாஷி குறுக்கே வந்தான்.

"வேணாங்க்கா. ஜூலையில அவன் பட்டது போதாதா?"

"அந்தப் பக்கக் கயிறைப் பிடி."

"யாராச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"பின்ன, ஜோசியமா?"

"வாய மூடிட்டுக் கயிறைப் பிடிடா."

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் வந்தது. தொகாஷி போனில் விரலை மெல்ல மேலே தள்ளினான். சாப்பாட்டு டப்பாவிலிருந்து எடுத்த சோற்று உருண்டையைக் கடித்த அக்கா மெல்லாமல் காத்திருந்தார். மாற்று வீரர்களில், கடைசிக்கு முந்தைய வரி. எண் இருபத்தொன்பது, குராஷினா.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"மொதல்ல தண்ணி குடு."

கடித்த மிச்சத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டார்.

எழுபத்து நான்காவது நிமிடம் இட்சுகி இறங்கினான். இரண்டாவது முறை பந்தைத் தொட்டதுமே எதிரணிக்காரன் ஒருவன் அந்தக் காலிலேயே இடித்துச் சாய்த்தான். எங்கள் முரசு நின்றது. அவன் புல்லில் உட்கார்ந்தபடி முட்டியை மடக்கிப் பார்த்தான், நீட்டிப் பார்த்தான். பிறகு எழுந்து, ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, கையை உயர்த்திப் பந்தைக் கேட்டான்.

கோல் எதுவும் விழவில்லை. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வணக்கம் சொல்ல எங்கள் பக்கம் நடந்து வந்தார்கள். இருபத்தொன்பது மட்டும் முன்னால் வந்துகொண்டிருந்தான்.

"ஓடியே வர்றான் பாரு," என்றார் அக்கா.

டப்பாவைத் திறந்து, காய்ந்துபோன பாதி உருண்டையை அப்போதுதான் தின்றார்.