மட்டன் ரோல்ஸுக்கு விழாத வாக்கு

முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹோலில் ஒரு தேர்தல் நடந்தது. என் கணவர் போட்டியிட்டார். நான் அவருக்கு வாக்களிக்கவில்லை.

அவசரப்பட்டு முகம் சுளிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு நீங்கள் யார் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்.

சிட்னியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். ஆனாலும் எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கம் என்றால் தலைவர் வேண்டும். தலைவர் என்றால் எதிரணி வேண்டும், இல்லையா?

தலைவர் துரைராசா அண்ணை, சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அதே கதிரையில் இருக்கிறார். கணக்காளர். நேர்மையானவர். கூட்டத்தைச் சொன்ன நேரத்தில் தொடங்கிச் சொன்ன நேரத்தில் முடிப்பார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வடை வேண்டும்.

சிரிக்காதீர்கள்... எதிரணி உருவானதே அதனால்தான். எங்கள் சங்கத்தில் எங்கும் எழுதாத ஒரு சட்டம் உண்டு. கமிட்டிக் கூட்டம் தலைவர் வீட்டில்தான் நடக்கும். கமிட்டிக்காரர் குடும்பத்தோடு வருவார்கள். சாப்பாடு தலைவர் வீட்டுப் பொறுப்பு. துரைராசா அண்ணையின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு என்றால் டியூட்டி. அண்ணை தானே தேத்தண்ணி ஊற்றி, கடையில் வாங்கிய பிஸ்கட்டை ஒரு பிளேட்டில் அடுக்கி வைப்பார். அவ்வளவுதான். ஒரு பற்றிஸ் இல்லை, ஒரு வாய்ப்பன் இல்லை. இந்த ஆட்சியை மாற்றியே தீருவது என்று எங்கள் அணி கிளம்பியது.

ஆனால் எங்கள் அணியில் இரண்டு பேருக்குத் தலைவர் ஆசை. ஒருவர் டாக்டர் மகேந்திரன். மற்றவர் என்ஜினியர் — அதாவது என் கணவர். இருவரும் நின்றால் வாக்குப் பிரியும். துரைராசா அண்ணை பிஸ்கட்டோடு திரும்பி வந்துவிடுவார்.

அப்போதுதான் நடராசா அங்கிள் ஒரு யோசனை சொன்னார். அவர் இங்கே பரமட்டாப் பக்கம் ஒரு வக்கீல் ஒபிசில் கிளார்க்காக இருக்கிறார். சட்டமெல்லாம் அவரிடம்தான் கேட்போம். புதிதாகக் கலர் டி.வி. வேறு வாங்கியிருக்கிறார். அதில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பார்க்கிறார். அங்கே ஒரே கட்சிக்காரர்கள் முதலில் தங்களுக்குள்ளே சண்டை பிடித்து, ஒருவரை ஒருவர் கிழித்து, வென்றவரைத் தேர்ந்தெடுத்த பிறகு கையைக் கோர்த்துக்கொண்டு சிரிக்கிறார்களாம். அதற்குப் பெயர் பிரைமரியாம். நாங்களும் ஒன்று வைப்போம் என்றார். ஆண்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

பிரசாரம் டெலிபோனில் நடந்தது. என் கணவர் தலைவரானால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மட்டன் ரோல்ஸ் என்று அறிவித்தார். வாக்காளர்கள் எங்கள் பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த நாளே டாக்டர், இடியப்பமும் சொதியும் என்றார். பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். இவர் விடுவாரா? ரோல்ஸோடு கேசரியும் என்றார். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். கொள்கை மாறிய வேகத்தில் டெலிபோன் பில் ஏறியது.

இந்த வாக்குறுதிகளை நிறைவேற்ற வேண்டிய அரசாங்கம், குசினிக்குள் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டது. அதாவது நான்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் விஞ்ஞான ஆசிரியை. இங்கே ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிறேன். மறுபடி வகுப்பறையில் நிற்க வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். அது அடுத்த மாதம். வேலை, சமையல், பிள்ளைகள் எல்லாம் போகப் படிக்க எனக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த ஞாயிறுகளைத்தான் இவர் ரோல்ஸாகச் சுற்றி ஊருக்கு விநியோகித்துக்கொண்டிருந்தார். இவரிடம் சொன்னேன். முதலில் வெல்லுவம், பிறகு யோசிப்பம் என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது.

பிரைமரி எங்கள் வீட்டில். சனிக்கிழமை முழுக்க நின்று, மாதிரிக்கென்று ரோல்ஸ் பொரித்தேன். கழுவிய ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு வாக்குப் பெட்டி ஆக்கினோம். இவர் ஏற்கெனவே கூட்டிக் கழித்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் சமபலம். நண்பர் சிவத்தின் ஒற்றை வாக்கால் வெற்றி தன் பக்கம். சிவம் தனிக்கட்டை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். அவர் மாறமாட்டார். பெண்களின் வாக்கு? அதை ஏன் தனியாக எண்ண வேண்டும், கணக்கில் அவரவர் கணவரோடு சேர்த்துக்கொண்டால் ஆயிற்று என்று நடராசா அங்கிள் சொல்லிவிட்டார்.

ஆண்களும் பெண்களுமாக எல்லோரும் ரோல்ஸை முடித்துவிட்டு வாக்களித்தார்கள். நடராசா அங்கிள் துண்டுகளைப் பிரித்து எண்ணினார். டாக்டருக்கும் இவருக்கும் சரிசமம். மிச்சம் ஒரு துண்டு. அதைக் கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார், போட்டும் பார்த்தார். பிறகு மெதுவாக வாசித்தார்.

"துரைராசா."

எங்கள் அணிக்குள், எங்கள் வீட்டில், எங்கள் ரோல்ஸைத் தின்றுவிட்டு எதிரிக்கு ஒரு வாக்கா? எல்லோரும் சிவத்தைப் பார்த்தார்கள். வருமான வரிக் கணக்குக்கு அவர் துரைராசா அண்ணையிடம் போய்வருகிறவர், அது போதுமே. சிவம் வாயைத் திறக்க முதல், குசினி வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. டாக்டரின் மனைவி லீலா.

"அது நான் போட்டது. அவற்ர வீட்டில மட்டும்தான் நான் கதிரையில இருந்து சூடாத் தேத்தண்ணி குடிச்சனான்."

டாக்டருக்கு வாக்குக் கணக்குத்தான் உடனே நினைவுக்கு வந்தது. லீலாவின் வாக்கு ஒழுங்காக விழுந்திருந்தால், தான் ஒரு வாக்கால் வென்றிருப்பேன் என்றார். அது உண்மைதான். அங்கேதான் வினை. என் கணவரின் கணக்குப்படி வெல்ல வேண்டியவர் இவர் அல்லவா? அப்படியானால் இவருடைய ஆட்களிலும் யாரோ ஒருவர் மாறியிருக்கிறார். எல்லோரும் மறுபடி சிவத்தைப் பார்த்தார்கள்.

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. எத்தனை நாள் எங்கள் வீட்டுச் சோறு தின்றவர் என்பதுபோல ஏதோ முணுமுணுத்தார். சிவம் எழுந்து கோட்டை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் வாசலைத் தாண்டினால் பிறகு இந்த வீட்டுக்குள் வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"சிவம், இருங்கோ," என்றேன். "மாறினது நான். டாக்டருக்குப் போட்டனான்."

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது.

"நீரா?"

"ஓம். ரோல்ஸ் தாறன் எண்டு சொன்னது நீங்கள். சுத்தப் போறது நான். அப்ப நான் எப்ப படிக்கிறது?"

நடராசா அங்கிள்தான் முதலில் தேறினார். நடந்தது நடந்துவிட்டது, இனி ஒற்றுமை முக்கியம், அமெரிக்காவிலும் கடைசியில் ஒருவர் விட்டுக்கொடுப்பார் என்றார். நான் மறுக்கவில்லை. யார் வென்றாலும் சம்மதம், ஒரேயொரு நிபந்தனை என்றேன். எதைத் தருவதாகச் சொன்னாரோ, அதைத் தலைவரே தன் கையால் செய்ய வேண்டும். லீலா உடனே ஆமோதித்தாள். மற்றப் பெண்களும் கையை உயர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த நாட்டு டி.வி.யிலும் பார்க்க முடியாது. என் கணவர், டாக்டர்தான் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், அவரே தலைவராக வேண்டும் என்றார். டாக்டரோ, இந்தக் காலத்துக்கு ஓர் என்ஜினியரின் மூளைதான் தேவை என்றார். நீங்கள், இல்லை நீங்கள் என்று கதிரையை மாறி மாறித் தள்ளினார்கள். காலையில் எலியும் பூனையுமாக வந்தவர்கள்! கடைசியில், ஆழ்ந்து யோசித்தால் துரைராசா அண்ணையின் நிர்வாகத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. எங்கள் அணி அன்றைக்கு மாதிரி ஒற்றுமையாக இருந்ததே இல்லை.

இவர் போய்ச் சிவத்தின் கையிலிருந்த கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இன்னொரு தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்டார். அவர்களுக்குள் அது போதும். தேத்தண்ணியை இவரே ஊற்றினார் — சீனி எங்கே இருக்கிறது என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டு.

நேற்று ஞாயிறு. போட்டியின்றித் தெரிவான துரைராசா அண்ணை வீட்டில் முதல் கூட்டம். இவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் நானும் என் புத்தகங்களும் மட்டும். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை எழும்பாமல் படித்தேன்.

பின்னேரம் திரும்பி வந்தவர், என்னோடு கதைக்காமல், சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து என் புத்தகத்தின் மேல் வைத்தார். உள்ளே இரண்டு பிஸ்கட்.

"தலைவர் உமக்குத் தந்துவிட்டவர். நல்லாப் படிக்கட்டாம்."

கொஞ்சம் நமுத்துத்தான் போயிருந்தது. ஆனால் வாசகர்களே, அதைச் செய்வதற்காக எங்கள் வீடுகளில் ஒருத்தியும் விடிய எழும்பவில்லை.