கொசுறுக்கு இங்கிலீஷ்

இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் கர்வம் எனக்கு உண்டு. அது உடைந்தது மணவாளக்குறிச்சி மீன் சந்தையில்.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த எங்கள் மருமகள் அன்னா சாளை மீன் வாங்கினாள். மீன்காரம்மா கொசுறாக மேலும் நாலு சாளையை அள்ளிப் போட, ஏனென்று அன்னா என்னிடம் கேட்டாள். "ஃப்ரீ" என்றேன்.

"இனாம் எனக்கு எதற்கு?" என்று அவள் அந்த நாலையும் திருப்பிக் கொடுத்தாள். மீன்காரம்மாவின் முகம் வாடிவிட்டது. "டிஸ்கவுண்ட்... போனஸ்..." என்று தடுமாறினேன்.

"சாரே, நீங்க சும்மா இரிங்க," என்ற அந்த அம்மா, மீனை மறுபடியும் பையில் போட்டு, "மக்ளே, கம் டுமாரோ!" என்றார்.

அன்னா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலையில் என்னை எழுப்பியதே அவள்தான், கையில் பையோடு.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் கேட்டால், "யாரிடம் சொல்லப் போகிறாய்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.